‘ஆனால்’ சொல்ல வந்த ஆட்காட்டி

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. ஆறு ஓடிய பாவத்துக்கு அந்த ஒரு காடு இரண்டு காடாகிவிட்டது. மேற்கே இருந்தவர்கள் மேலைக்காட்டார், கிழக்கே இருந்தவர்கள் கீழைக்காட்டார். இரண்டு பக்கமும் அதே மரங்கள், அதே புல், அதே கொசு. இருந்தாலும் குழந்தைகளே, மேலைக்காட்டில் ஒரு குட்டி பிறந்தால் அதற்கு முதலில் சொல்லித் தருவது என்ன தெரியுமா? “அந்தக் கரைக்காரன் பொல்லாதவன்” என்பதுதான். கீழைக்காட்டிலும் இதையேதான் சொல்லித் தந்தார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போயிற்று.

கோடை வந்தால் ஆறு வற்றிவிடும். நடுவில் ஒரே ஒரு மடு மட்டும் மிஞ்சும். காலையில் முதலில் குடிப்பவர்களுக்குத் தெளிந்த தண்ணீர். பிறகு வருபவர்களுக்குக் கலங்கல். யார் முதலில் குடிப்பது என்பதை ஒரு காலத்தில் கொம்பாலும் பல்லாலும் முடிவு செய்தார்கள். பல உயிர்கள் போன பிறகு புத்தி வந்தது. இனிமேல் பந்தாட்டத்தில் முடிவு செய்யலாம் என்று இரு காடும் ஒப்புக்கொண்டன.

பங்குனி மாதக் கடைசியில், ஆற்றோரத் திடலில் ஆட்டம். காய்ந்த சுரைக்காய்தான் பந்து. அதைக் காலால் உதைத்து, எதிர்ப்பக்கத்து இரண்டு கறையான் புற்றுகளுக்கு நடுவே அனுப்ப வேண்டும். வென்ற காடு கோடை முழுக்க முதலில் குடிக்கும். யாரும் வெல்லாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் முறைவைத்துக் குடிக்கலாம்.

மேலைக்காட்டின் புற்றுக்காவல் ஒரு தாய்க்கரடி. “புற்றைவிட்டு எப்படியும் நகராது, அதனால்தான் அதற்கு அந்த வேலை” என்று குரங்குகள் கேலி செய்யும். கரடி அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. அதற்கு வேறு கவலை இருந்தது. போன ஆண்டு மேலைக்காடு தோற்றது. கோடை முழுக்கக் கலங்கல் குடித்து, கரடியின் கடைக்குட்டி வயிறு கெட்டுப் பதினோரு நாள் எழுந்திருக்காமல் கிடந்தது. பிழைத்ததே பெரிய காரியம். இந்த ஆண்டும் தோற்றால் அந்தக் குட்டி தாங்காது என்று கரடிக்குத் தெரியும். அதனால் தினமும் விடிந்ததும் திடலுக்குப் போய், யாரையாவது கெஞ்சிப் பந்தை உதைக்கச் சொல்லி, பாய்ந்து பாய்ந்து தடுத்துப் பழகிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டில் செய்தி சொல்வது மயில். மாலையானால் இலுப்பை மரத்தில் ஏறி நின்று அகவும். கீழே காடே கூடும். மயிலுக்கு ஒரே ஓர் ஆசைதான். தான் சொல்வதைக் கேட்டு எல்லோரும் ஆரவாரம் செய்ய வேண்டும். ஆரவாரம் எழுந்தால் தோகை விரியும். எழாவிட்டால் மறுநாள் இரை இறங்காது.

அதனால் மயில் ஒரு வழக்கம் வைத்திருந்தது. நம் பன்றி இடித்தால் அது வீரம், அவர்கள் பன்றி இடித்தால் முரட்டுத்தனம். நம் குரங்கு விழுந்தால் இடறி விழுந்தது, அவர்கள் குரங்கு விழுந்தால் நடித்து விழுந்தது. நாம் வென்றால் திறமை, அவர்கள் வென்றால் காற்று அவர்கள் பக்கம் அடித்தது. அந்தக் கரையிலும் ஒரு மயில் இருந்தது. அது இதையே திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

மயில் ஆற்றைத் தாண்டிப் போனதே இல்லை. தோகை நனைந்துவிடுமாம். நேரில் போய்ப் பார்த்து வருவது ஆட்காட்டிப் பறவை. அது ஆற்றின் நடுவே மணல்திட்டில் முட்டையிட்டு வாழ்ந்தது. யார் வந்தாலும் கத்திக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும். வேறு எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் அதற்கு நண்பர்கள் குறைவு.

ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஆட்காட்டி கீழைக்காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

“சொல், சொல்,” என்றது மயில். “பயந்து நடுங்குகிறார்களா? தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்களா?”

“இல்லை மயில் அண்ணே. விடியும் முன்பே எழுந்து பழகுகிறார்கள். ஒருவர் விழுந்தால் இன்னொருவர் தூக்கிவிடுகிறார்கள். நன்றாகத்தான் ஆடுகிறார்கள்.”

மயிலின் முகம் சுருங்கியது. “இதையா நான் மரத்தில் ஏறிச் சொல்வது? பாதியிலேயே எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். வேறு ஏதாவது உண்டா?”

“முக்கியமான ஒன்று இருக்கிறது. புதிதாக ஒரு முயலைச் சேர்த்திருக்கிறார்கள். அது இடக்காலை இழுத்து இழுத்து நொண்டுகிறது. ஆனால்...”

“நொண்டுகிறதா!” மயிலின் தோகை அப்போதே பாதி விரிந்துவிட்டது.

“முழுக்கக் கேளுங்கள் அண்ணே. நொண்டுகிறது, ஆனால் அது போக்குக் காட்டுவது. எல்லோரும் வலக்காலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இழுத்துக்கொண்டு வந்த அந்த இடக்காலாலேயே ஓங்கி உதைக்கிறது. பத்துக்கு ஒன்பது உள்ளே போகிறது. எனக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். என் முட்டைப் பக்கம் நரி வந்தால் நானும் இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடித்தான் அதைத் திசை திருப்புகிறேன். கரடியக்காவிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.”

“சொல்லலாம், சொல்லலாம். செய்தி நீளமாக இருக்கிறது. கொஞ்சம் நறுக்கிக்கொள்கிறேன்.”

“எந்த இடத்தில் நறுக்குவீர்கள்?”

“அதெல்லாம் என் வேலை. பறப்பது உன் வேலை, அகவுவது என் வேலை,” என்றது மயில்.

அன்று மாலை மயில் இலுப்பை மரத்தில் ஏறியது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

“கேளுங்கள், கேளுங்கள்! கீழைக்காட்டில் ஆளே இல்லை! நொண்டி முயலை ஆட்டத்தில் இறக்குகிறார்கள்!”

காடே அதிர்ந்தது. குரங்குகள் ஒற்றைக்காலில் குதித்துக் காட்டின. பன்றி விழுந்து புரண்டு சிரித்தது. நொண்டுகிற ஓர் உயிரைப் பார்த்து இப்படிச் சிரிக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மயிலின் தோகை முழுவதும் விரிந்தது. இலுப்பைக்கு அந்தப் பக்கம் தெரிந்த வானமே மறைந்துவிட்டது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஆட்காட்டி பதறிப்போனது. “இல்லை, இல்லை! இன்னும் பாதி இருக்கிறது!” என்று கத்தியது.

ஒரு குரங்கு திரும்பிப் பார்த்தது. “நீ எந்தக் கரை?”

அந்தக் காட்டில் யாரையாவது வாயடைக்க வேண்டுமென்றால் இந்த ஒரு கேள்வி போதும்.

“நான் மணல்திட்டு,” என்றது ஆட்காட்டி.

“அதுதானே பார்த்தேன்! அதனால்தான் அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறாய்,” என்றது குரங்கு. எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். ஆட்காட்டி பறந்துபோயிற்று. எத்தனையோ ஆண்டுகளாக இதே கேள்வி, இதே சிரிப்பு.

மறுநாள் காலை திடலுக்கு யாரும் வரவில்லை. “நொண்டியைத் தடுக்கப் பழக்கம் வேறு வேண்டுமா?” என்று பன்றி சேற்றில் புரளப் போய்விட்டது. கரடி தனியாக நின்று பார்த்தது. பிறகு மணல்திட்டுக்கு நடந்து வந்தது. குட்டிகள் மூன்றும் பின்னாலேயே காலை இழுத்து இழுத்து நொண்டி விளையாடிக்கொண்டு வந்தன.

“தங்கச்சி, நீ கண்ணால் பார்த்தவள். அந்த முயல் நிஜமாகவே நொண்டுகிறதா?” என்று கேட்டது கரடி.

“நொண்டுகிறது அக்கா. ஆனால்...”

“நொண்டுகிறதல்லவா? அது போதும்.” கரடி பெருமூச்சு விட்டது.

“கொஞ்சம் நில்லுங்கள் அக்கா. ஆனால்...”

“வேண்டாம் தங்கச்சி. போன கோடை முழுக்க இவன் செத்துவிடுவானோ என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒரு நல்ல சேதி வந்திருக்கிறது. அதையும் கெடுத்துவிடாதே.”

கரடி போய்விட்டது. ஆட்காட்டி பின்னாலேயே பறந்துபோய் அதன் காதில் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. இதுவரை கத்தியதே போதும் என்று அதற்குத் தோன்றிவிட்டது. குழந்தைகளே, அது சோர்ந்து உட்கார்ந்ததை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பேன். இருந்தாலும் அது தப்புதான்.

ஆட்டநாள் வந்தது. மடுவில் வாழும் ஆமைதான் நடுவர். சூரியன் பனைமரத்தின் உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும் என்று ஆமை அறிவித்தது.

கீழைக்காட்டார் நன்றாக ஆடினார்கள். அவர்கள் குரங்கு ஒருமுறை உதைத்தது, கரடி பாய்ந்து தடுத்தது. அவர்கள் மான் ஒருமுறை உதைத்தது, கரடி நெஞ்சால் மறித்தது. முயல் மட்டும் தொடக்கத்திலிருந்தே இடக்காலை இழுத்துக்கொண்டு ஓரமாக அலைந்தது. அது நகரும்போதெல்லாம் மேலைக்காட்டார் கைகொட்டிச் சிரித்தார்கள். அதன் பக்கத்தில் ஒருவரும் போய் நிற்கவில்லை.

சூரியன் பனையை நெருங்கியது. இரு பக்கமும் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. ‘இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடித்தால் போதும், முறைவைத்துக் குடிக்கலாம், பிள்ளை பிழைத்துக்கொள்வான்’ என்று கரடி நினைத்துக்கொண்டது.

அப்போது பந்து முயலிடம் வந்தது.

“பன்றி அண்ணே, மறியுங்கள்!” என்று கரடி கத்தியது.

“நொண்டிதானே,” என்றபடி பன்றி கோரைக்கிழங்கை மென்றுகொண்டு நின்றது.

முயல் காலை இழுத்து இழுத்து வந்தது. கரடி அதன் வலக்காலையே பார்த்தது. வலக்கால் உதைத்தால் பந்து எந்தப் புற்றை ஒட்டி வரும் என்று அதற்குத் தெரியும். அந்தப் புற்றின் பக்கம் சாய்ந்து, கைகளை விரித்து நின்றது. முயல் வலக்காலை ஊன்றியது. இவ்வளவு நேரமும் இழுத்துக்கொண்டிருந்த இடக்கால் சட்டென்று எழுந்தது.

‘டொக்’ என்று ஒரு சத்தம். சுரைக்காய் மறுபக்கத்துப் புற்றை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று.

சூரியன் பனைமரத்தைத் தொட்டது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

கீழைக்காட்டார் முயலைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மேலைக்காட்டார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இலுப்பை மரத்தடிக்கு நடந்தார்கள். கரடி மட்டும் புற்றுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டது. கடைக்குட்டி வந்து அதன் மடியில் ஏறிக்கொண்டது.

இலுப்பை மரத்தடியில் ஒரே அழுகை. மயில் மேலே நின்று கூட்டத்தைப் பார்த்தது. அழுகிற கூட்டத்துக்கு என்ன சொல்வது? ஆனால் மயிலுக்கா தெரியாது!

“ஏமாற்றிவிட்டார்கள்!” என்று அகவியது. “நல்ல காலை நொண்டிக்கால் என்று காட்டி, நம் வெள்ளை மனத்தை ஏமாற்றிவிட்டார்கள்! கபட முயல்!”

“கபட முயல்! கபட முயல்!” என்று கூட்டம் கத்தியது. அழுகை நின்றுவிட்டது. கோபம் வந்ததும் எல்லோருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. அன்று எழுந்த ஆரவாரம் முன்பு எழுந்ததைவிடப் பெரியது. மயிலின் தோகையும் அப்படியே.

ஆட்காட்டி பொறுக்க முடியாமல் சொன்னது: “அது போக்குக் காட்டுகிறது என்று நான் அன்றைக்கே சொன்னேனே!”

“அன்றைக்கே உனக்குத் தெரியுமா?” என்றது குரங்கு. “அப்படியென்றால் நீயும் உடந்தைதான்!”

முயல் நொண்டி என்று முதலில் சொன்னது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், மயில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தாலே அவர்கள் அதை மறந்திருப்பார்கள்.

சித்திரை பிறந்தது. வெயில் கொளுத்தியது. கீழைக்காட்டார் குடித்துவிட்டுப் போன பிறகு கரடி குட்டிகளோடு மடுவுக்கு வந்தது. தண்ணீர் சேறாக இருந்தது.

“கொஞ்சம் தெளியட்டும், பொறு,” என்றது கரடி.

“அம்மா, அந்த முயல் ரொம்பக் கெட்டதாமே? மயில் மாமா சொன்னார்,” என்றது கடைக்குட்டி. அதன் விலா எலும்புகள் தெரியத் தொடங்கியிருந்தன.

இலுப்பை மரத்திலிருந்து மயிலின் குரல் கேட்டது. அடுத்த ஆண்டு கீழைக்காட்டார் மண்ணைக் கவ்வப்போகிறார்களாம். மடுவில் நின்ற மற்றவர்கள் அதைக் கேட்க ஓடினார்கள். கரடி ஓடவில்லை. எதிரே மணலில் ஆட்காட்டி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது.

“தங்கச்சி, அன்றைக்கு ‘ஆனால்’ என்றாயே. அதற்கு அப்புறம் என்ன?”

“இப்போது எதற்கு அக்கா?”

“சொல்.”

“ஆனால், இழுக்கிற காலாலேயே உதைக்கும். இடக்காலைப் பாருங்கள்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் அக்கா.”

தாகம் பொறுக்காமல் கடைக்குட்டி குனிந்து கலங்கலில் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது. அந்த ஒரு மிடறு குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, ஆட்காட்டி அதைச் சொல்லி முடிக்க.

நீதி: எதிராளியைப் பற்றி இனிக்கிற செய்தி காதில் விழுந்தால், ‘ஆனால்’ வரும்வரை எழுந்து போகாதே.