ஆயுள் தலைவர்

எங்கள் நகர மக்கள் முன்னணியின் தலைவர் தணிகாசலம், சட்டதிட்டம் எழுதும் வேலையைத் தட்டச்சர் பொற்கொடியிடம் கொடுத்தார்.

"தலைவர் பதவி ஆயுளுக்கும். யாரும் நீக்க முடியாதுன்னு எழுது. ஒரு எழுத்து மாறினாலும் வேலைக்கு வராதே."

பொற்கொடி அப்படியே எழுதிப் பொதுக்குழுவில் வாசித்தாள். கூட்டம் முணுமுணுத்தது. தணிகாசலம் சிரித்தார்.

"புது விதி வந்தா பழைய பதவியெல்லாம் காலி, ஐயா," என்றாள். "ஆயுள் தலைவரை இப்பவே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துடலாமா?"

எல்லோரும் அந்தோணியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். தெருத்தெருவாகக் குடிநீர்க் குழாய் வாங்கிக்கொடுத்தவர் அவர். தணிகாசலம் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"ஒரே ஆள் ஆயுளுக்கும் இருந்தா அது ஜனநாயகமாம்மா? ரெண்டு வருஷம்னு திருத்து."

பொற்கொடி திருத்தினாள். ஓட்டெடுப்பில் அந்தோணியம்மாள் ஜெயித்தார். ரெண்டு வருஷம் கழித்துத் தணிகாசலம் மறுபடி நிற்கலாம், விதியில் இடமிருக்கிறது.