வெள்ளலை பம்ப்ஸ் ஒரு திறமைசாலியைப் பிடித்த கதை

முட்டாள்களின் கதையைச் சொல்கிறவர்கள் முட்டாள்களின் பெயர்களை மறக்காமல் சொல்வார்கள். அவர்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த அறிவாளியின் பெயர், அதுவும் அவள் பெண்ணாயிருந்தால், கதைக்குள் வருவதே இல்லை. ஆகவே முதலில் அவள் பெயர்: பூங்கோதை. வெள்ளலை பம்ப்ஸ் நிறுவனத்தில் பம்புகளை வடிவமைத்த ஒரே பொறியாளர்.

இனி முட்டாள்கள். நிறுவனத்தின் முதலாளிகளான மூன்று சகோதரர்கள்: பெரியவர் சென்னியப்பன், அடுத்தவர் ஆறுச்சாமி, இளையவர் குப்பண்ணன்.

பூங்கோதைக்கு ஓசூரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. மாதம் முடிவதற்குள் சேர வேண்டும். அதற்குப் பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டும்.

"உன்னையாட்டம் ஒரு ஆளு வரட்டும் அம்மிணி, அன்னைக்கே அனுப்பி வெச்சர்றோம்" என்றார் சென்னியப்பன்.

அவளைப் போல் ஒருவரும் வரவில்லை. அவளைப் போல் அல்லாதவரும் வரவில்லை. எனவே கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். அவர் காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "திறமைசாலிகள் நிறுவனத்தின் பெயரைப் பார்த்துத்தான் வருவார்கள். உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும். இது ஒரு குடும்பம் என்று வருகிறவர் உணர வேண்டும்." சொன்னதற்கு உரிய தொகையை வாங்கிக்கொண்டு போனார்.

"உள்ள நடக்கறது வெளிய தெரியாம எதுங்கண்ணா மறைக்குது?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

பெரியவர் கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். "செவுருதான்டா."

மறுநாள் முன்சுவரை இடித்தார்கள். பூங்கோதை ஓடிவந்தாள். "சார், அந்த ஆலோசகர் வேலை நடக்கறதைப் படம் புடிச்சு இன்டர்நெட்ல போடச் சொன்னாருங்க!"

"படத்துக்குக் கரண்ட் வேணும், செல்போன் வேணும். செவுரு இல்லாததுக்கு என்ன அம்மிணி வேணும்?" என்றார் ஆறுச்சாமி.

நேர்காணலுக்கு வந்தவர்கள் இடிபாட்டைப் பார்த்தார்கள். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று எண்ணி, அடுத்த பேருந்தில் ஊர் திரும்பினார்கள். ஓர் எருமை மட்டும் உள்ளே நுழைந்து, பம்புகளைப் பொதிய வைத்திருந்த வைக்கோலைத் தின்றது. "மொத ஆளு வந்தாச்சு" என்றார் குப்பண்ணன். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

எப்படியோ ஒருவன் தப்பாமல் வந்து சேர்ந்தான். பெயர் இன்பசேகர், முதுநிலைப் பட்டம் பெற்றவன். பூங்கோதைக்குப் போன உயிர் திரும்பியது. சகோதரர்கள் அவனை ஜமக்காளத்தில் உட்காரவைத்துப் பஜ்ஜியும் கேசரியும் வைத்தார்கள்.

"தம்பிக்குப் பங்காளிக யாராருங்க?" என்று ஆரம்பித்தார் சென்னியப்பன்.

"சார், பம்பு டிசைன் பத்திக் கேப்பீங்கன்னு படிச்சுட்டு வந்தேன்..."

"அதெல்லாம் அசலாருகிட்டக் கேக்கறது. நாம ஒரே குடும்பமல்லோ!"

அவன் தயங்கித் தயங்கிச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டான். மூவரும் அதிர்ந்துபோனார்கள்.

"குடும்பத்துக்குள்ள சம்பளமா? எங்கண்ணன் எனக்குச் சல்லிக்காசு குடுத்திருப்பாரா, கேளு தம்பி!" என்றார் குப்பண்ணன்.

"உனக்கெதுக்குடா குடுக்கோணும்? அப்பன் தோட்டத்துக் கெணத்தை அமுக்குனவன்தானே நீ!" என்று பெரியவர் எழுந்தார்.

"வரப்பை நவுத்துனது யாருங்கண்ணா?"

இது ஒரு குடும்பம் என்பதை இன்பசேகர் ஐயமற உணர்ந்தான். வாசல் எது என்று தேடவேண்டிய அவசியமில்லாத கட்டடம். நினைத்த பக்கம் ஓடினான்.

"கேசரிக்கு நெய் பத்தல" என்று ஆறுச்சாமி காரணம் கண்டுபிடித்தார்.

மாதம் முடியும் தறுவாய். பூங்கோதை அழவில்லை, அழுதால் அதற்கும் ஓர் ஆலோசகரைக் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து, தன் பெயரிலேயே, தன் புகைப்படத்தோடு, தன் வேலைக்கே விண்ணப்பித்தாள்.

சகோதரர்கள் கூடி ஆராய்ந்தார்கள்.

"பேரும் பூங்கோதைன்னு இருக்குதுங்கண்ணா."

"நல்லதாப் போச்சு. மேசைல இருக்கற பேர்ப்பலகைய மாத்த வேண்டீதில்ல."

"மொகமும் அதேயாட்டம் இருக்குதே?"

"அடையாள அட்டையும் மிச்சம்டா!"

"இப்ப வெள்ளலை பம்ப்ஸ்னு ஒரு கம்பெனில இருக்குதாம்."

"எங்கியோ கேட்ட பேராட்டம் இருக்குது. விசாரி."

விண்ணப்பத்தில் இருந்த கம்பெனி எண்ணுக்கு ஆறுச்சாமி தொலைபேசினார். அடுத்த மேசையில் மணி அடித்தது. பூங்கோதை எடுத்தாள்.

"ஏனுங்க, அங்க பூங்கோதைன்னு ஒரு புள்ள வேலை செய்யுதுங்களா? கெட்டிக்காரிதானுங்களா?"

"ரொம்பங்க. அவ இல்லீன்னா இங்க ஒரு பம்பும் தண்ணி எடுக்காது."

"அப்புறம் ஏனுங்க அங்கிருந்து வெளிய வரப் பாக்குது?"

"இங்க முதலாளிக சரியில்லீங்க. செவுரும் இல்லீங்க."

ஆறுச்சாமி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணா, நம்ம பேரு பரவீருச்சு! அடுத்த கம்பெனி ஆளு நம்மளைத் தேடி வருது!" என்றார்.

"எடுத்துக்கலாம். ஆனா அந்த வெள்ளலைக்காரங்ககிட்ட இருந்து விடுவிப்புக் கடுதாசி வாங்கியாரச் சொல்லு. நாளைக்குப் பொல்லாப்பு வந்தரக்கூடாது" என்றார் பெரியவர்.

பூங்கோதை அப்போதே கடிதத்தைத் தட்டச்சு செய்து நீட்டினாள். சென்னியப்பன் கையெழுத்திட்டார். "மனசுல வெச்சுக்காத அம்மிணி. உன்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி கெடச்சுட்டா."

பூங்கோதை ஓசூரில் சேர்ந்தாள். இன்று அங்கே வடிவமைப்புப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளலை பம்ப்ஸில் அவள் மேசையில் பேர்ப்பலகை மட்டுமே இருக்கிறது; அந்த நிறுவனத்தின் சிறந்த ஊழியர் விருதும் ஆண்டுதோறும் அவளுக்கே கிடைக்கிறது: சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட விடுப்புக் கேட்காதவள் அந்தப் புதிய பூங்கோதை ஒருத்திதான்.