மஞ்சள் கொடியின் சொந்தங்கள்

கடலும் மணலும் வரப்புச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு கரையிலே ஒரு ஊராம், அந்த ஊரிலே காத்தாயி என்று ஒருத்தியாம். மணல்மேட்டுப் புதர்களில் இலையே இல்லாமல் நூல்நூலாய்ப் படரும் கொத்தானை அறுத்து வந்து, தலைக்கு எண்ணெய் காய்ச்சி விற்றுப் பிழைத்தாள்.

அந்த வருஷம் அவ்வூர் விவசாயி அடைக்கலத்தின் அவரைப் பந்தலில், அதே போல இலையில்லாத மஞ்சள் கொடி ஒன்று ஏறியது. சாற்றையெல்லாம் உறிஞ்சி அவரையைக் கருக்கிவிட்டது. அவன் அழுதுகொண்டு வந்து நின்றதும் ஊர்த்தலைவர் மருதையனுக்கு மனசு பொறுக்கவில்லை. ஊர் கூடியிருக்க, மண்ணைக் கையில் அள்ளி வாக்குக் கொடுத்தார்.

"இந்தக் கொடியையும், இந்த ஊர்ல இதுக்குச் சொந்தமான அத்தனை செடியையும் வேரோட பிடுங்குவேன்!"

"அப்ப முதல்ல மணல்மேட்டுக்குப் போங்க" என்றான் அடைக்கலம். "காத்தாயியோட கொத்தான் இதுக்குக் கூடப்பிறந்ததுதானே? பார்த்தாலே தெரியலையா?"

கொத்தான் போனால் காத்தாயி வீட்டு அடுப்பு எரியாது. ஆனாலும் அவள் குரலை உயர்த்தவில்லை.

"மூஞ்சியப் பார்த்துச் சொந்தம் சொல்லாதீங்கண்ணே. விதையப் பார்த்துச் சொல்லுங்க."

இரண்டின் முற்றிய காயையும் கொண்டுவந்து கத்தியால் கீறினாள். கொத்தான் காயில் ஒரே விதை. அதற்குள் கரு, தடித்த இரண்டு பருப்பாக இருந்தது. அவள் கொல்லையில் நின்ற இலவங்கப்பட்டை மரத்துக் காயிலும் அப்படியே; கொத்தானுக்குச் சொந்தம் அந்த மரம்தான். மஞ்சள் கொடியின் காயிலோ இரண்டு அறை, நான்கு விதை. உள்ளே பருப்பே இல்லை. கரு புழுப் போலச் சுருண்டு கிடந்தது.

"ரெண்டு அறை, நாலு விதை... இது யாரோட வம்சம்?" என்று கேட்டார் மருதையன்.

காத்தாயி தயங்கினாள். "உங்க வயல்லதான் இருக்கு தலைவரே. சர்க்கரைவள்ளி."

அபூர்வமாய்க் காய்த்திருந்த வள்ளிக்காய் ஒன்றையும் கீறிக் காட்டினாள். அதே இரண்டு அறை, அதே நான்கு விதை. கருவும் வளைந்து மடிந்திருந்தது. அடுத்தவர் சாற்றிலேயே வாழ்ந்து பருப்பைத் தொலைத்துவிட்ட, சர்க்கரைவள்ளியின் தங்கைதான் அந்த மஞ்சள் கொடி!

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மருதையன் சிரிக்கவில்லை. கிழங்கு முற்ற இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவர் வீட்டில் ஏழு பேருக்கு அதுதான் சாப்பாடு.

"சொன்னா சொன்னதுதான். மண்வெட்டிய எடுங்கடா" என்றார்.

"ஐயையோ, அதைப் பிடுங்கினா என் அவரை முளைச்சிருமா?" என்று பதறினான் அடைக்கலம்.

கேட்டீர்களா? வாக்கும் பொய்க்கக் கூடாது, வயலும் பாழாகக் கூடாது. மருதையன் என்ன செய்தால் சரி?

விடை: பிடுங்குவேன் என்றாரே தவிர, என்றைக்கு என்று மருதையன் சொல்லவில்லை. மஞ்சள் கொடியை அன்றே பிடுங்கி எரிக்க வேண்டியது. சர்க்கரைவள்ளியை, கிழங்கு முற்றியதும் எப்படியும் வேரோடு பிடுங்கத்தானே போகிறார்! காத்தாயி இதைச் சொன்னதும் மருதையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருகிப்போன அவரைக்கு ஈடாக விளைச்சலில் பாதி அடைக்கலத்துக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அடைக்கலம் மஞ்சள் கொடியைப் பிடுங்கப் பந்தலுக்கு ஓடினான். காத்தாயி கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டு மணல்மேட்டைப் பார்த்து நடந்தாள்.