நாலு வீட்டு நெருப்பு

மூடுமலைக் கோட்டையில் அரசர் கருணாகரவேளின் சபையில் புத்திசாலி என்று ஒரு பதவி இருந்தது. அந்தப் பதவியில் இருந்தவன் நான், நம்பிக்கூத்தன். சம்பளம் அரண்மனையுடையது, புத்தி என் சொந்தப் பொறுப்பு. சம்பளம் மாதம் தவறாமல் வந்தது. மற்றதைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த ஐப்பசியில் அரசருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குளிரில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. அதன் அறைக்கென்று கடல் கடந்து ஓர் இரும்பு அடுப்பு வந்து சேர்ந்தது. அதற்குள் விறகு நுழையாது. மரத்தூளையோ கடலைத்தோலையோ இடித்து, முறுக்கு மாதிரி பிழிந்து, விரல்கணு நீளத்துக்கு நறுக்கிக் காயவைத்த கட்டிகளைத்தான் அது தின்னும். எரிகட்டி என்று அதற்குப் பெயர் வைத்தவன் நான்தான். அதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

மூன்று வணிகர்கள் வந்தார்கள். ஒருவன் சந்தனத்தூள் கட்டி, ஒருவன் கடலைத்தோல் கட்டி, ஒருவன் தேக்குத்தூள் கட்டி. எது நல்லது என்று அரசர் கேட்டார். எரித்துப் பார்க்கவே வேண்டாம், மோந்து பார்த்தே சொல்வேன் என்று எழுந்தேன். சந்தனம் மணத்தது. சந்தனம் என்றேன். சபை கைதட்டியது, நானும் சேர்ந்து தட்டிக்கொண்டேன்.

காலையில் அடுப்பு மூட்டினார்கள். மதியத்துக்குள் அறை முழுக்கப் புகை. குழந்தை இருமி இருமி முகம் சிவந்து போயிற்று. அரசியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பனிக்காற்றில் வெளியே வந்து நின்றார். அதைப் பார்த்து எனக்கு உயிரே போயிற்று. சத்தியமாக, அன்று வேலையைப் பற்றிய நினைப்பு எனக்குப் பிறகுதான் வந்தது.

அமைச்சர் சேந்தனாருக்கு வேலை நினைப்பு முன்னாலேயே வந்துவிட்டது, என் வேலையைப் பற்றி. நாளை உச்சிப்பொழுதுக்குள் சரியான கட்டியை நம்பிக்கூத்தன் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆனால் அரண்மனைக்குள் ஒரு கட்டியைக்கூட எரித்துப் பார்க்கக்கூடாது, தவறினால் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்றார்.

அரசர் என்னைப் பார்த்தார். "கூத்தா, என் மகள் இன்னொரு தரம் இருமக்கூடாது" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் மூன்று ஓட்டுச்சில்லுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஊரில் அடுப்பு அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்குவது வழக்கம். கேட்டவருக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வணிகர்கள் கடையில் இருந்த நேரம் பார்த்து, அவர்கள் வீட்டு வாசல்களில் போய் நின்றேன். மூன்று வீட்டுப் பெண்களும் எரிகிற அடுப்பிலிருந்து தணல் அள்ளிப் போட்டார்கள். சபைப் புத்திசாலி வீட்டில் நெருப்புக்கூட இல்லையா என்று ஒருத்தி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

உச்சிக்கு முன் மூன்று சில்லுகளையும் அரசர் முன் வைத்தேன். மூன்றிலும் கிடந்தவை தேக்குத்தூள் கட்டிகள். புகையில்லை, உதிரவில்லை, கண்ணுக்குத் தெரிகிற சாம்பலில்லை.

"அரசே, இது சந்தன வணிகர் வீட்டு நெருப்பு. இது கடலைத்தோல் வணிகர் வீட்டு நெருப்பு. இது தேக்கு வணிகர் வீட்டு நெருப்பு. விற்கிறவர் கடையில் எதையும் புகழ்வார். தன் பிள்ளை தூங்கும் வீட்டில் எதை எரிக்கிறாரோ அதுதான் சரக்கு" என்றேன்.

சபைக்கு வந்திருந்த முதலிரண்டு வணிகர்களும் கூரையைப் பார்த்தார்கள். தேக்குக் கட்டி உடனே அடுப்புக்குப் போனது. சற்று நேரத்தில் தாதி ஓடி வந்து, குழந்தை கதகதப்பில் உறங்குகிறது, இருமலே இல்லை என்றாள். அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது சேந்தனார் மெல்ல எழுந்தார். "நல்ல சோதனை. இவர் வீட்டு நெருப்பையும் பார்த்துவிடலாமே" என்றார்.

நான் ஏதாவது சொல்லித் தடுப்பதற்குள் காவலன் என் வீட்டுக்குப் போய்விட்டான். என் மனைவி வடிவம்மை தாராள மனசுக்காரி. தணல் கேட்டவனுக்குப் பாதி எரிந்த கட்டையையே தூக்கிக் கொடுத்திருந்தாள். கட்டையின் மறுமுனையில் அரண்மனை விறகுக் கிடங்கின் யானை முத்திரை கரியாமல் பளிச்சென்று இருந்தது.

"எத்தனை வருஷமாக?" என்று அரசர் கேட்டார்.

"ஏழு, அரசே. தங்கள் விறகின் தரத்தை அவசரப்பட்டு முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை."

அரசர் சிரித்த சிரிப்பில் சேந்தனாரும் வேறு வழியின்றிச் சிரித்தார். என் வேலை தப்பியது. பரிசும் கிடைத்தது. இரண்டு மூட்டை தேக்குக் கட்டி. ஒரே நிபந்தனை, அதை நானே பட்டப்பகலில் கடைத்தெரு வழியாகத் தலையில் சுமந்து போகவேண்டும்.

ஊரே வேடிக்கை பார்க்க, கழுத்து ஒடிய வீடு வந்து சேர்ந்தேன். வடிவம்மை கதவைத் திறந்து மூட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, இன்னிக்கு முன்வாசல் வழியா கொண்டு வரீங்க?" என்றாள்.