ஐந்து சாண் வழி

இந்தக் கதையில் நாலு திசை வருகிறது. ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டாலும் எல்லோரும் காட்டுக்குள்ளேயே நின்றுவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில் பூங்குளத்தூரைச் சூரபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தான். சூலம் பார்க்காமல் ஓர் அடி வைக்கமாட்டான். சூலம் இருக்கிற திசையில் அன்றைக்குப் பயணம் போகக்கூடாதல்லவா? அதைச் சொல்வதற்கென்றே சோதிடர் சாம்பசிவர் கூடவே இருப்பார். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு நாள் தங்குவதும் ராஜாவுக்குப் பிடிக்காது. சூலம் இல்லாத பக்கமாவது போயே தீரவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு அப்பால் உள்ள மலைக்கோயிலுக்குப் புறப்பட்டான். அன்று மேற்கே சூலம். கிழக்கே ஆறு நாழிகை வழி நடந்தார்கள். ஒரு நாழிகை நேரம் நடக்கிற தூரம்தான் ஒரு நாழிகை வழி. திங்கள், கிழக்கே சூலம். வடக்கே ஆறு. செவ்வாய், வடக்கே சூலம். சோதிடர் மேற்கே கைகாட்டினார், மூன்று. புதனும் வடக்கே சூலம். தெற்கே திரும்பி இரண்டு நாழிகை வழி போனதும், பல்லக்குத் தூக்கும் வீரணன் காய்ச்சலில் சுருண்டு விழுந்தான்.

வீரணனின் மனைவி நல்லக்காள்தான் கூடாரத்துச் சமையல்காரி. வியாழக்கிழமை விடிந்ததும் ராஜா காலில் விழுந்தாள்.

"சாமி, இன்றைக்கே ஊர் வைத்தியரிடம் கொண்டுபோனால் என் புருஷன் பிழைப்பான்."

ராஜா அவளை "ஆத்தா" என்று கூப்பிடுவது சோதிடருக்கு நெடுநாள் எரிச்சல். "வந்தது பதினேழு நாழிகை வழி. ஆளைச் சுமந்துகொண்டு இந்தக் காட்டில் நாளுக்கு ஆறு நாழிகை வழிதான் போகலாம், மூன்று நாள் ஆகும். இவன் தாங்கமாட்டான். விட்டுவிட்டுப் போவோம்" என்று குறுக்கிட்டார்.

"வளைந்து வளைந்து வந்தோம். வளைந்தே ஏன் திரும்பணும்? கோடு போட்டுப் பார்க்கிறேன் சாமி."

"கரண்டி பிடிக்கிற கை காட்டை அளக்குமா?" என்று சிரித்தார் சோதிடர்.

"போடு ஆத்தா. ஆனால் ராஜா வந்த வழி! ஒரு நாழிகை வழிக்கு ஒரு யானை நீளம் போடு" என்றான் ராஜா.

அரிசி மாவை எடுத்துக்கொண்டு கிழக்கே இழுத்தாள். கோடு கூடாரத்தைத் தாண்டி, குதிரைகளுக்கு நடுவே போய், முள்புதரில் முட்டி நின்றது.

"சாமி, இது முடிவதற்குள் நாம் ஊருக்கே போய்விடலாம்."

"அப்படியானால் ஓர் அரிசி நீளம் போடேன்" என்றார் சோதிடர் கிண்டலாக.

"நீங்கள் தும்மினால் காடே பறந்துவிடும் சாமி. சாண் போதும். பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை."

நடந்த திசையிலேயே கோடுகளைப் போட்டாள். கிழக்கே ஆறு சாண், அதன் நுனியிலிருந்து வடக்கே ஆறு, அங்கிருந்து மேற்கே மூன்று, தெற்கே இரண்டு. கடைசி நுனியிலிருந்து புறப்பட்ட புள்ளிக்கு நேராக ஒரு கோடு இழுத்தாள். சாண் போட்டு அளந்தாள். ஐந்து!

"வீடு ஐந்து நாழிகை வழிதான் சாமி. இந்தக் கோடு காட்டுகிற பக்கம்."

சோதிடர் துள்ளினார். "இன்று தெற்கே சூலம்!"

"கோடு தெற்கேயா போகிறது சாமி? தென்மேற்கு மூலைக்கல்லவா போகிறது?"

ராஜா குனிந்து பார்த்தான், சிரித்துவிட்டான். "வீரணனைப் பல்லக்கில் படுக்க வையுங்கள். அவன் தோள் கொடுக்கிற இடத்தில் சோதிடர் தோள் கொடுக்கட்டும். நான் நடக்கிறேன்."

சாப்பிட்டுக் கிளம்பினார்கள். இடது தோளுக்குப் பின்னால் காலை வெயில் இருக்கும்படி நேராக நடந்தார்கள். ஐந்தாம் நாழிகையில் அரண்மனைக் கொடி தெரிந்தது. வைத்தியர் கஷாயம் கொடுத்தார். சாயங்காலம் வீரணன் கண் திறந்து கஞ்சி கேட்டான்.

மறுநாள் சபையில் ராஜா அவளுக்குப் பொற்காப்பு போட்டான். "சூலத்துக்குப் பயப்படவே இல்லையா ஆத்தா?"

"பயம் இல்லாமலா சாமி? மூலைக்கும் சூலம் எட்டுமோ என்னவோ! வியாழக்கிழமைச் சூலத்துக்கு நல்லெண்ணெய் சாப்பிட்டுப் போனால் பரிகாரம். சோதிடருக்கும் தெரிந்ததுதான்."

சோதிடர் வீங்கிய தோளைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நான் சாப்பிடவில்லையே!" என்று பதறினான் ராஜா.

"நேற்றுக் காலையில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டீர்களே புளியோதரை, அதில் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டேன் சாமி."