ஓடிப்போன நட்சத்திரத்தின் பெயர்

அறுபது தாண்டிய ஒருவர் அரபி இலக்கணம் படிக்கப் போனால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். மக்தூம் காக்கா அதைச் சட்டை செய்யவில்லை. மனைவி மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டாள். ஒரே மகன் ஊரில் இல்லை. வீட்டுச் சுவரோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பக்கத்து அறையில் இல்யாஸ் ஹஜ்ரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். ஹஜ்ரத்துக்கு அவர் மகனின் வயதுதான்.

அன்று காக்கா இலக்கணக் கிதாபைத் திறக்கவே விடவில்லை.

“ஹஜ்ரத், ஒரு பேரை மாத்தித் தரணும்.”

“யார் வீட்டுப் பிள்ளைக்கு?”

“என் மவன் சுஹைலுக்கு.”

ஹஜ்ரத் நிமிர்ந்து பார்த்தார். ஓயாமல் அழுகிற கைக்குழந்தைக்குப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றிக்கொண்டு போவது அந்த ஊரில் உண்டுதான். மீசை நரைக்கத் தொடங்கியவனுக்கு யாரும் கேட்டதில்லை.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஊருக்குள்ளேயேதான். சுஹைல் நாகூரில் ஒரு பெண்ணைப் பார்த்து, அங்கேயே நிக்காஹ் என்று முடிவு செய்தான். “நான் வரமாட்டேன். நீயும் இனி என் வீட்டுப் படி ஏறாதே” என்றார் காக்கா. சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை அதை மட்டும் அப்படியே கேட்டுக்கொண்டான். பேத்தி பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரரின் செல்போனில்தான் காக்கா அவளைப் பார்த்திருக்கிறார்.

“அந்தப் பேர்ல என்ன குறை காக்கா?”

“நல்ல பேருன்னுதான் இருந்தேன். எங்க வாப்பா தோணி ஓட்டினவங்க. வங்காளத்துக்கு உப்பு ஏத்திட்டுப் போய்த் திரும்புறப்போ, தெக்கே சுஹைல் நட்சத்திரத்தைப் பார்த்துதான் ஊருக்கு வருவாங்களாம். பேரன் காதுல பாங்கு சொல்லி, அவங்களே வச்ச பேரு.”

சுஹைல் சின்னப் பையனாக இருந்த காலம் காக்காவுக்கு நினைவு வந்தது. பங்குனி மாதத்தில், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். அவன் தெற்கே தன் பேருள்ள நட்சத்திரத்தை நோக்கிக் கை நீட்டுவான். மேகம் மறைத்துவிட்டால், “வாப்பா, என்னைக் காணோமே” என்று அழுவான். மேகம் விலகும்வரை இறக்கிவிட முடியாது. தோள் கடுத்துப்போகும். அந்தக் கடுப்பு இப்போது வேண்டும்போல் இருந்தது. 

“நேத்துதான் ஒருத்தர் சொன்னார். பழைய அரபுக் கதையில, சுஹைல்ங்கிறவன் கட்டினவளுக்குக் கெடுதல் செஞ்சுட்டுத் தெக்கே ஓடிப்போனவனாமே. அதனாலதான் தன்னந்தனியா நிக்கிறானாம். ஓடினவன் பேரை வச்சா பிள்ளை எப்படித் தங்கும்?”

“கதை உண்டு. நீங்க பாதிதான் கேட்டிருக்கீங்க. அவனுக்கு ரெண்டு தங்கச்சிங்க.”

“அவங்களும் ஓடிட்டாங்களா?”

“வானத்துல வெள்ளையா ஒரு ஆறு தெரியும் பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம் போயிட்டான் அண்ணன். ஒருத்தி இந்தக் கரையிலேயே உட்கார்ந்து, வருவான் வருவான்னு அழுதா. அழுது அழுது கண்ணு மங்கிப்போச்சு. இப்பவும் அவ வெளிச்சம் கொஞ்சம் மட்டுதான்.”

“மத்தவ?”

“ஆத்தைக் கடந்து அவன் இருக்கிற பக்கம் போயிட்டா. ராத்திரி வானத்துல அவளைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது.”

“அவங்களுக்கும் பேர் இருக்கா?”

“இருக்கு. அழுதவ பேருக்கு, கண் மங்கினவள்னு அர்த்தம். போனவ பேருக்கு, கடந்து போனவள்னு அர்த்தம்.”

காக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “அதெல்லாம் இருக்கட்டும் ஹஜ்ரத். நான் பேர் மாத்தத்தான் வந்தேன். மாத்தித் தருவீங்களா, மாட்டீங்களா?”

“மாத்தித் தாறேன் காக்கா. மவனுக்கு வேணாம், உங்களுக்கு” என்றார் ஹஜ்ரத். “அந்த ரெண்டு பேர்ல எது வேணும்?”