நாத்தனார் போட்ட முடிச்சு

அந்தக் காலத்தில் ஆடு மாடுகளுக்கும் வாய் இருந்தது. கல்யாண வீட்டில் மனிதர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து, ரசத்தில் உப்பில்லை என்று அவையும் குறை சொல்லும். மனிதர்கள் சொல்கிற குறையே காது கொள்ளாது, இதில் இதுகள் வேறு.

அப்போதெல்லாம் தாலியின் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போட்டுவிடுவான். நாத்தனாருக்கு மணவறையில் ஒரு வேலையும் கிடையாது. புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தோமா, வயிறாரச் சாப்பிட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்று நிம்மதியாக இருந்தார்கள், புண்ணியவதிகள்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவன் இருளப்பன். மாடு மேய்ப்பவன், தாய் தகப்பன் இல்லாதவன். அவன் அக்கா காத்தாயி பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தினமும் தன் வீட்டுக்கு ஆக்கி வைத்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து தம்பிக்கும் ஆக்குவாள். அங்கே மாமியார் ஒரு பாட்டுப் பாடுவாள். இங்கே வந்தால், அக்கா ஊற்றி வைத்த கஞ்சியைக் கன்றுக்குட்டிக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி பட்டினியாக உட்கார்ந்திருப்பான்.

"உன்னை ஒருத்தி கையில் ஒப்படைச்சாத்தான்டா எனக்கு விடிவுகாலம்" என்று தலையில் அடித்துக்கொள்வாள் காத்தாயி.

ஊர் ஊராக அலைந்து பெண் கேட்டாள். மாட்டோடு மாடாகக் கிடப்பவனுக்கு யார் கொடுப்பார்கள்? கடைசியில் செம்பாயி என்ற பெண்தான் சரி என்றாள். அவள் அப்பாவுக்கு மனசே இல்லை. கல்யாணத்தன்றும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஏதாவது சாக்குக் கிடைக்காதா என்றுதான் மணவறை ஓரமாக நின்றார்.

முகூர்த்த நேரம் பார்த்துச் சொல்வது சேவலின் பொறுப்பு. அது கூரைமேல் ஏறி, "ம், கட்டலாம்!" என்றது. மேளம் கொட்டியது. இருளப்பன் மஞ்சள் கயிற்றைச் செம்பாயியின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு வந்து முடிச்சுப் போட்டான். எல்லோரும் அட்சதை போட்டார்கள். பெரியவர்கள் காலில் விழச் செம்பாயி குனிந்தாள். கழுத்து மாலை சிக்கிக் கயிற்று நுனியை இழுத்தது, தாலி சரசரவென்று உருவிக்கொண்டு மடியில் விழுந்தது.

"ஐயையோ!" என்றது பந்தல்.

"என்னடா கட்டின நீ?" என்று காத்தாயி பாய்ந்தாள்.

"கை தவறிப்போச்சுக்கா. இந்தத் தடவை பாரேன்."

மறுபடி மேளம். நாயனக்காரர் கன்னம் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே நாயனத்தை ஊதினார். இருளப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டினான். கட்டி நிமிர்ந்தானோ இல்லையோ, அவன் வளர்த்த கன்றுக்குட்டி பின்னாலிருந்து வந்தது, கயிற்று நுனியைப் பல்லால் பிடித்து ஒரு இழு இழுத்தது. தாலி மறுபடியும் மடியில் கிடந்தது.

"ஏ சனியனே!" என்று காத்தாயி கையை ஓங்கினாள்.

கன்றுக்குட்டி மிரண்டுபோய், "எனக்கு எப்பவும் இந்த முடிச்சுதானே போடுவான்? தாகமெடுத்தா நான் இழுப்பேன், அவிழ்ந்துக்கும்" என்றது.

அப்போதுதான் காத்தாயிக்கு உறைத்தது. பாவி, பெண்ணின் கழுத்தில் கன்றுக்குக் கட்டுகிற முடிச்சைப் போட்டிருக்கிறான்!

"ஏன்டா, அவ என்ன கன்னுக்குட்டியா? இறுக்கிக் கட்டத் தெரியாதா உனக்கு?"

"தெரியும்க்கா. ஆனா கழுத்துன்னு கண்டா கைக்கு இந்த முடிச்சுதான் வருது. நான் என்ன பண்ண?"

"முகூர்த்தம் முடியப்போகுது!" என்று கூரைமேலிருந்து சேவல் கத்தியது.

"சும்மா இரு நீ!" என்று பந்தலே சேர்ந்து கத்தியது.

செம்பாயியின் அப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? "ஒரு கயிறு கட்டத் தெரியாதவன் குடும்பம் நடத்துவானாக்கும். எந்திரி தாயி, போவோம்" என்று மகள் கையைப் பிடித்தார். காத்தாயிக்குத் தெரியும்: இந்தப் பெண்ணும் போய்விட்டால் இனி ஒருத்தி கிடைக்கமாட்டாள், ஆயுசு முழுக்க ரெண்டு அடுப்பு ஊத வேண்டியதுதான்.

அதுவரை வாய் திறக்காமல் அசைபோட்டுக்கொண்டிருந்த கிழட்டுப் பசு முன்னால் வந்தது.

"நில்லுங்க ஐயா. முன்னே தொழுவத்துல தீப்பிடிச்சப்ப, இறுக்கிக் கட்டியிருந்த எங்கம்மாவை அவிழ்க்க முடியலை. இவன் கண்ணு முன்னாலதான் அவ வெந்து செத்தா. அதிலேருந்து எந்தக் கழுத்தையும் இவன் இறுக்கினதில்லை. இழுத்தா அவிழும்னு எங்களுக்கும் தெரியும். ஆனா ஒருத்தர்கூட இவனை விட்டு ஓடிப்போகலை."

இருளப்பன் தலை குனிந்தான். செம்பாயி அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையை மெதுவாக விலக்கினாள்.

"நான் எந்திரிக்கலைப்பா. முதல் முடிச்சை அவர் கைக்கு வந்தபடியே போடட்டும், எனக்கு அது பிடிச்சிருக்கு. மத்த ரெண்டையும் மதினி போடட்டும்."

"நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்று எகிறினார் அப்பா.

"நான் சொல்றேன்! எதுன்னாலும் நேரா என் வீட்டுக்கு வரச் சொல்லுங்க! இப்ப ஆளை விடுங்க!" என்றாள் காத்தாயி. பொறுமை போனவள் யோசித்தா பேசுவாள்?

சொன்ன கையோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செம்பாயியின் பின்னால் போய் நின்றாள். தம்பி போட்ட முடிச்சுக்கு மேலே பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு முடிச்சு இறுக்கினாள். கன்றுக்குட்டி இழுத்துப் பார்த்தது, அசையவில்லை. அப்பாடா, இனி தம்பி வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டாம் என்று காத்தாயி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் பொழுது விடிவதற்குள் வாசலில் செம்பாயி.

"மதினி, உங்க தம்பி ராத்திரியிலேருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கார். என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறார். முடிச்சுப் போட்டது நீங்கதானே? வந்து கேளுங்க!"

அன்று முதல்தான் மாப்பிள்ளை ஒரு முடிச்சோடு கையை எடுத்துக்கொள்ள, மிச்சத்தை நாத்தனார் போடுகிறாள். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன சண்டை வந்தாலும், தன் வீட்டு உலையைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு முதலில் ஓடுகிறவளும் அவள்தான்.